டிபி மாத்திரை சாப்பிட்டும் இருமல் நிற்கலையா? நுரையீரல் புற்றுநோயின் காரணங்கள், அறிகுறிகள் - முழு விளக்கம்

இருமல் வந்தால் நம் ஊரில் பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதலில் கஷாயம். அடுத்து மெடிக்கலில் ஒரு சிரப். பிறகு கிளினிக்கில் ஆன்டிபயாடிக். அதற்கும் நிற்கவில்லை என்றால்தான் எக்ஸ்ரே. அதில் நிழல் போல ஏதாவது தெரிந்தால், முதலில் வரும் சந்தேகம் டிபி, அதாவது காசநோய்.

பல நேரங்களில் அந்தச் சந்தேகம் சரியாகவே இருக்கும். உலகில் உள்ள காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில்தான் இருக்கிறார். ஆனால் சிலருக்கு அந்த நிழல் காசநோய் அல்ல, நுரையீரல் புற்றுநோய். சளிப் பரிசோதனையில் உறுதியாகாமலேயே டிபி மாத்திரை தொடங்கி, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் புற்றுநோய் என்று தெரிந்துகொள்பவர்கள் இந்தியாவில் கணிசமாக இருக்கிறார்கள். அந்தச் சில மாதங்கள் மிக முக்கியமானவை.

நுரையீரல் புற்றுநோய் ஏன் வருகிறது, உடல் என்னென்ன எச்சரிக்கைகளைக் கொடுக்கிறது, டிபி-யில் இருந்து அதை எப்படிப் பிரித்து அறிவது என்று விரிவாகப் பார்க்கலாம்.

நுரையீரல் புற்றுநோய் என்றால் என்ன?

மூச்சுக்குழாயிலோ நுரையீரல் திசுவிலோ உள்ள செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகி, கட்டியாக மாறுவதுதான் நுரையீரல் புற்றுநோய். உலகில் அதிகம் பேருக்கு வருவதும், அதிகம் பேரைப் பலி வாங்குவதும் இந்தப் புற்றுநோய்தான். 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய புற்றுநோய் மதிப்பீட்டின்படி, அந்த ஒரே ஆண்டில் சுமார் 24.8 லட்சம் பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 18 லட்சம் பேர் உயிரிழந்தனர்.

அதே மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 81 ஆயிரம் பேருக்குப் புதிதாக நோய், சுமார் 75 ஆயிரம் பேர் மரணம். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், பெரும்பாலானோருக்கு நோய் முற்றிய பிறகே தெரிய வருவதுதான்.

இதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. நூற்றுக்கு 85 பேருக்கு வருவது 'சிறுசெல் அல்லாத' வகை. ஓரளவு மெதுவாக வளரும். மீதி 15 பேருக்கு வருவது 'சிறுசெல்' வகை. இது மிக வேகமாகப் பரவும், புகைப்பழக்கத்தோடு மிக நெருங்கிய தொடர்பு உடையது. எந்த வகை என்பதைப் பொறுத்துதான் சிகிச்சை.

ஏன் சீக்கிரம் தெரிவதில்லை?

நுரையீரல் திசுவுக்கு வலியை உணரும் நரம்புகள் கிடையாது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குத்தான் அந்த நரம்புகள் உண்டு. அதனால் உள்ளே ஒரு கட்டி வளர்ந்தாலும், அது உறையையோ விலா எலும்பையோ தொடும் வரை வலிக்காது. நுரையீரலில் இடமும் தாராளம். சின்னக் கட்டியால் மூச்சு விடுவதில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இன்னொரு காரணம், அறிகுறி வந்தாலும் அதற்கு நாமே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருப்போம். புகை பிடிப்பவர் 'இது தம் இருமல்தான்' என்பார். பிடிக்காதவர் 'தூசி அலர்ஜி' என்பார். வயதானவர் 'மூச்சு வாங்குறது வயசுக்கு சகஜம்' என்பார்.

கவனிக்க வேண்டிய எச்சரிக்கை அறிகுறிகள்

* இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல்.
* பழைய இருமலின் தன்மை மாறுவது. பல வருடமாக இருமும் ஒருவருக்குச் சத்தம் மாறினாலோ, அடிக்கடி வந்தாலோ, இரவில் தூங்க விடாமல் செய்தாலோ அது புதிய அறிகுறி.
* சளியில் ரத்தம். ஒரு கோடு போல வந்தாலும், ஒரே ஒரு முறை வந்தாலும் அலட்சியம் கூடாது.
* மூச்சை இழுக்கும்போதோ இருமும்போதோ அதிகமாகும் நெஞ்சுவலி.
* மாடிப்படி ஏறும்போது முன்பு இல்லாத மூச்சு வாங்கல், புதிதாக வரும் வீசிங் சத்தம்.
* மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மிப் போய் இருப்பது. குரல் நாணுக்குப் போகும் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி ஏறுவதால், அதைக் கட்டி அழுத்தினால் குரல் மாறும்.
* காரணமே இல்லாமல் உடல் எடை குறைவது, பசியின்மை, தீராத சோர்வு.
* நுரையீரலின் ஒரே பகுதியில் திரும்பத் திரும்ப நிமோனியா வருவது.
* நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது. எடுத்த பிறகும் மறுபடி கோத்தால் கூடுதல் கவனம் தேவை.

நுரையீரலோடு தொடர்பே இல்லாதது போலத் தெரியும் அறிகுறிகளும் உண்டு. தோள்பட்டையில் தொடங்கிக் கையின் உள்பக்கமாக இறங்கும் வலி, முகமும் கழுத்தும் வீங்குவது, தீராத முதுகுவலி, புதிதாக வரும் கடுமையான தலைவலி அல்லது வலிப்பு. இவை கட்டி பக்கத்து உறுப்புகளை அழுத்துவதாலோ, எலும்புக்கும் மூளைக்கும் பரவுவதாலோ வரலாம்.

விரல் நுனியைப் பாருங்கள்

நீண்டகால நுரையீரல் நோய்களில் சிலருக்கு விரல் நுனிகள் பருத்து, நகம் வளைந்து காணப்படும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகமும் நகமும் ஒட்டும்படி எதிரெதிரே வையுங்கள். நக அடிப்பகுதிகளுக்கு நடுவில் வைர வடிவில் ஒரு சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அந்த இடைவெளி இல்லை என்றால் டாக்டரிடம் காட்டுவது நல்லது. இதய நோய் போன்ற வேறு காரணங்களாலும் இப்படி ஆகலாம் என்பதால், இதை மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை. இடைவெளி இருப்பதால் நோயே இல்லை என்றும் அர்த்தமில்லை.

டிபி-யா, புற்றுநோயா? குழப்பம் எங்கே வருகிறது?

இருமல், சளியில் ரத்தம், எடை குறைவு, சோர்வு, எக்ஸ்ரேவில் நிழல் - இந்த ஐந்துமே இரண்டு நோய்களுக்கும் பொது. மாலை நேரக் காய்ச்சலும் இரவு வியர்வையும் டிபி-யில் அதிகம் என்றாலும், புற்றுநோயிலும் காய்ச்சல் வரலாம். ஆக, அறிகுறிகளை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. சாதா எக்ஸ்ரேவை மட்டும் வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிரித்துக் காட்டுவது பரிசோதனைதான். டிபி கிருமி சளியில் இருக்கிறதா என்பதை சிபிநாட், ட்ரூநாட் போன்ற மூலக்கூறு பரிசோதனைகள் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம். கிருமி இருப்பது உறுதியானால் சிகிச்சை தெளிவு: வழக்கமாக 6 மாத மருந்து. முழுமையாகச் சாப்பிட்டால் பெரும்பாலானோருக்குக் குணமாகிவிடும்.

சிக்கல் வருவது, சளியில் கிருமி தென்படாதபோது. நிஜமாகவே டிபி இருந்தும் சிலருக்குச் சளியில் கிருமி தெரியாமல் போகலாம். அதனால் எக்ஸ்ரேவையும் அறிகுறிகளையும் வைத்து டாக்டர் மருந்தைத் தொடங்குவது உண்டு. அதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டும்.

டிபி மருந்து வேலை செய்தால், முதல் சில வாரங்களிலேயே காய்ச்சல் குறையும், பசி எடுக்கும், எடை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இரண்டு மாத முடிவில் மறுபரிசோதனை செய்வது வழக்கம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போனால், இருமல் அதிகமானால், எக்ஸ்ரே நிழல் பெரிதானால், அந்த இரண்டு மாதம் வரை கூடக் காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் தயங்காமல் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்:

1. எனக்கு டிபி என்பது பரிசோதனையில் உறுதியானதா, சந்தேகத்தின் பேரில் மருந்து தரப்பட்டதா?
2. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?
3. அந்த நிழலில் இருந்து திசு எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா?

இதில் ஓர் எச்சரிக்கை. சந்தேகம் வந்துவிட்டது என்று டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. நிஜமாகவே டிபி-யாக இருந்தால், பாதியில் நிறுத்துவது மருந்துக்கு அடங்காத டிபி-யாக மாற வழி செய்யும். சிலருக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கலாம். ஏற்கெனவே டிபி வந்து குணமானவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதால், 'பழைய டிபி தழும்புதான்' என்று புதிய நிழலை ஒதுக்கிவிடவும் கூடாது.

காரணம் 1: சிகரெட், பீடி

உலக அளவில் நுரையீரல் புற்றுநோயில் ஏறத்தாழ 85 சதவீதத்துக்குக் காரணம் புகைப்பழக்கம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. இவை செல்லின் மரபணுவைச் சிதைக்கின்றன. உடல் அதைச் சரிசெய்துகொண்டே இருக்கும். பல வருடம் தினமும் அடி விழும்போது, சரிசெய்யப்படாமல் விடுபடும் பிழைகள் சேர்ந்துதான் புற்றுநோய் ஆகிறது.

இன்று எல்லோருக்கும் தெரிந்த இந்த உண்மை, 1950 வரை உறுதியாகாத ஒன்று. அந்த ஆண்டுதான் பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் ஆகிய இருவரும் லண்டன் மருத்துவமனை நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். வாகனப் புகையோ சாலைக்குப் போடும் தாரோ காரணமாக இருக்கும் என்றுதான் டால் முதலில் நினைத்திருந்தார். ஆய்வு முடிவைப் பார்த்துவிட்டு, அவரே சிகரெட்டை விட்டுவிட்டார். 1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கையும் இதை உறுதி செய்தது.

'பீடியில என்ன இருக்கு, வெறும் இலைதானே' என்று நினைப்பவர்கள் உண்டு. பீடியில் ஃபில்டர் கிடையாது. அடிக்கடி அணைந்துவிடும் என்பதால் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கும். தாரும் நிகோடினும் உள்ளே போவது அதிகம். பீடியும் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம்.

ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட, எத்தனை வருடம் என்பது இந்த நோயில் பெரிய கணக்கு. 'நான் ரெண்டே ரெண்டுதான்' என்பவர் 30 வருடமாகப் பிடித்தால், அவரும் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறார்.

காரணம் 2: மற்றவர் விடும் புகை

வீட்டிலோ வேலை இடத்திலோ மற்றவர் பிடிக்கும் புகையைத் தொடர்ந்து சுவாசித்தால், புகைப்பழக்கம் இல்லாதவருக்கும் ஆபத்து 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. பொது இடங்களில் புகை பிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை அமலில் உள்ளது. ஆனால் வீட்டுக்குள் எந்தச் சட்டமும் வராது. பால்கனியில் நின்று பிடித்தாலும் புகை உள்ளே வரும்.

காரணம் 3: அடுப்புப் புகை, காற்று மாசு

காற்றோட்டம் இல்லாத சமையலறையில் விறகு, வறட்டி, நிலக்கரி எரித்துப் பல ஆண்டுகள் சமைத்த பெண்களுக்கு நுரையீரல் நோய்களின் ஆபத்து அதிகம். வீட்டுக்குள் எரிக்கும் நிலக்கரியின் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான பட்டியலிலும், விறகுப் புகை 'உண்டாக்க வாய்ப்பு அதிகம்' என்ற பட்டியலிலும் உள்ளன. கேஸ் இணைப்பு வந்த பிறகும், சிலிண்டர் விலைக்குப் பயந்து வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு எரிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே புகை வெளியேற வழி செய்வது முக்கியம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, டீசல் புகையை 2012-லும், வெளிக்காற்று மாசை 2013-லும் 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்' முதல் பட்டியலில் சேர்த்தது. சிகரெட் அந்த அளவுக்கு ஒவ்வொருவரையும் பாதிக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் சிகரெட்டை வேண்டாம் என்று சொல்லலாம், காற்றைச் சொல்ல முடியாது.

காரணம் 4: வேலை இடத்துத் தூசி

ஆஸ்பெஸ்டாஸ், சிலிக்கா தூசி, குரோமியம், நிக்கல், ஆர்சனிக் ஆகியவை அடுத்த காரணங்கள். கல் குவாரி, கல் உடைக்கும் தொழில், வெல்டிங், பழைய கட்டட இடிப்பு போன்ற வேலைகளில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இல்லாத தெரு குறைவு. அந்தக் கூரையின் கீழ் வசித்தாலே புற்றுநோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஷீட்டை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும் கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத இழைகள்தான் ஆபத்து. உடைந்த ஷீட்டை அகற்றும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முடிந்தவரை உடைக்காமல் முழுசாகக் கழற்ற வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு ஆகும்.

புகையே பிடிக்காதவருக்கும் வருமா?

வரும். இந்தியாவில் சிகிச்சைக்கு வருபவர்களில் புகைப்பழக்கமே இல்லாதவர்களின் பங்கு, மேற்கத்திய நாடுகளைவிட அதிகம். குறிப்பாகப் பெண்களில்.

இதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் பால் கலாநிதி. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். புகைப்பழக்கம் இல்லாதவர். 2013-ல், 36 வயதில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. எடை குறைவும் முதுகுவலியும்தான் அவருக்கு வந்த அறிகுறிகள். 2015 மார்ச் மாதம், 37 வயதில் காலமானார். தன் நோயைப் பற்றி அவர் எழுதிய நூல், மறைவுக்குப் பிறகு 2016-ல் வெளியானது.

'இவர் தம் கூட அடிக்க மாட்டாரே' என்பது நோய் இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. அதேபோல, இந்த நோய் வந்த ஒருவரிடம் 'நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?' என்று முதல் கேள்வி கேட்பதும் அவரைக் காயப்படுத்தும்.

என்னென்ன பரிசோதனைகள்?

முதலில் நெஞ்சு எக்ஸ்ரே. சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன். எக்ஸ்ரேவில் இதயத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் சின்னக் கட்டியும் சி.டி.-யில் தெரியும். அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்ற பிறகும் அறிகுறி தொடர்ந்தால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

புற்றுநோய் என்று உறுதி செய்வது பயாப்ஸி மட்டுமே. மூச்சுக்குழாய் வழியாக மெல்லிய கேமராக் குழாய் விட்டோ, சி.டி. பார்த்தபடி நெஞ்சின் வெளிப்பக்கத்தில் இருந்து ஊசி செலுத்தியோ, கட்டியில் இருந்து துளி திசு எடுப்பார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் இருந்தால், அந்த நீரையும் பரிசோதிப்பார்கள்.

'ஊசி பட்டா, கத்தி பட்டா புற்றுநோய் பரவிடும்' என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பயாப்ஸியால் நோய் பரவுவது மிக மிக அரிது. பயாப்ஸி செய்யாமல் தள்ளிப்போடும் மாதங்களில் நோய் தானாகவே பரவும் என்பதுதான் நிஜமான ஆபத்து.

சிகிச்சை உண்டா?

உண்டு. எந்த நிலையில் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் கேள்வி. அமெரிக்கப் புள்ளிவிவரத்தின்படி, நோய் நுரையீரலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் 10-ல் 6 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால், 10-ல் ஒருவர் கடப்பதே கடினம்.

* ஆரம்ப நிலை: கட்டி உள்ள நுரையீரல் பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்றுவார்கள். அறுவை சிகிச்சை தாங்காதவர்களுக்குத் துல்லியக் கதிர்வீச்சு.
* பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிய நிலை: கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்து. சிலருக்கு அறுவை சிகிச்சையும் உண்டு.
* மற்ற உறுப்புகளுக்குப் பரவிய நிலை: கீமோ, நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி, அல்லது குறிவைத்துத் தாக்கும் மாத்திரைகள்.

கடைசியாகச் சொன்ன மாத்திரைகள் இந்தியர்களுக்கு முக்கியமானவை. புற்றுச் செல்லில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் இருந்தால், தினம் ஒரு மாத்திரையே கட்டியைச் சுருக்கும். 'அடினோகார்சினோமா' என்ற வகை நுரையீரல் புற்றுநோய் உள்ள இந்தியர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு இந்த மாற்றம் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. புகைப்பழக்கம் இல்லாதவர்களிடம் இது இன்னும் அதிகம். ஜெஃபிடினிப் போன்ற சில மாத்திரைகள் இந்தியாவில் ஜெனரிக்காகவே கிடைக்கின்றன. ஆகவே பயாப்ஸி எடுத்தால், 'மரபணு மாற்றப் பரிசோதனை செய்தாச்சா?' என்று கேட்க மறக்க வேண்டாம்.

முன்கூட்டியே ஸ்கேன் எடுக்கலாமா?

அறிகுறி இல்லாத எல்லோருக்கும் தேவையில்லை. பல வருடம் அதிகம் புகை பிடித்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்தால், இந்தப் புற்றுநோய் மரணங்கள் 20 சதவீதம் குறைவதாக 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அங்கே 50 முதல் 80 வயது வரை, 20 'பேக்-இயர்' கணக்கு உள்ளவர்களுக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது. தினம் 20 சிகரெட் வீதம் 20 வருடம், அல்லது தினம் 10 வீதம் 40 வருடம் என்பதுதான் அந்தக் கணக்கு. பழக்கத்தை விட்டு 15 ஆண்டுகளுக்குள் இருப்பவர்களும் இதில் அடக்கம்.

இந்தியாவில் இதற்குத் தேசிய அளவிலான திட்டம் இல்லை. பழைய டிபி தழும்புகள் பலருக்கும் இருப்பதால், ஸ்கேனில் தேவையற்ற சந்தேகங்கள் அதிகம் வரும். அதனால் கணக்கில் வருபவர்கள் நுரையீரல் டாக்டரிடம் பேசி முடிவு செய்வது நல்லது.

இப்போது விட்டால் பயன் உண்டா?

'இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?' என்பது தவறான கணக்கு. புகையை நிறுத்திய 10 ஆண்டுகளில், தொடர்ந்து பிடிப்பவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. நோய் வந்த பிறகு நிறுத்தினாலும் சிகிச்சை நன்றாக வேலை செய்யும். நிறுத்த உதவி தேவைப்பட்டால், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

எங்கே போவது?

முதல் படி, பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவு உண்டு. நுரையீரல் நோய்களுக்குத் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனை, புற்றுநோய்க்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவை தமிழ்நாட்டில் முக்கியமானவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகளும் அடங்கும். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

சுருக்கமாக

* இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் அவசியம்.
* சளியில் ரத்தம் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.
* டிபி மருந்துக்குக் குறையாத இருமலுக்கு சி.டி. ஸ்கேனும், தேவைப்பட்டால் பயாப்ஸியும் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய நிழலா, பழைய தழும்பா என்று ஒப்பிட்டுச் சொல்ல டாக்டருக்கு அதுதான் கைகொடுக்கும்.

(இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. அறிகுறிகள் இருந்தால் மருத்துவரை நேரில் அணுகவும்.)